அண்ணன் பேசிய பக்கம்

“அறிவுள்ளவன் இப்படி நம்புவானா அம்மா?”

செருப்பைக் கழற்றும்போதே தணிகாசலம் கேட்டுவிட்டார். பட்டிமன்றப் பேச்சாளர். ஊர் ஊராகப் போய்க் கைதட்டல் வாங்குகிறவர். ஆற்றங்கரை மடத்துக்கு வந்தால் மட்டும் புலம்பல்தான்.

மங்கையம்மை மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். வயதில் தணிகாசலத்தைவிடச் சிறியவர், ஆனாலும் அவருக்குக் குரு. இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அம்மைக்குக் காது புளித்துவிட்டது.

“இன்னிக்குத் தம்பி என்ன பண்ணாரு?”

“மோட்டார் ரிப்பேர்காரனை ராகு காலம்னு வாசல்லயே நிக்க வச்சுட்டான். தொட்டியில சொட்டுத் தண்ணி இல்லை! கணக்குல தங்க மெடல் வாங்கினவன் அம்மா. எங்க அப்பா எங்களுக்குக் கொடுத்த சொத்தே பகுத்தறிவுதான். மூளை இல்லாதவன் சாமி சாமின்னு கிடந்தா விட்டுடலாம். இவனுக்கு என்ன கேடு?”

“அவர்கிட்டயே கேக்கறதுதானே?”

“எங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே நின்னுபோச்சு. நாளைக்குக் கொத்தனார் வர்றான். வீட்டுக்கு நடுவுல சுவர் எழுப்பப் போறேன்.”

அம்மை கையிலிருந்த மொச்சையை முறத்தில் போட்டார்.

“நீங்க எப்பவாச்சும் பக்தி பக்கம் பேசியிருக்கீங்களா?”

தணிகாசலத்தின் முகம் மலர்ந்தது. இந்த நேரத்திலும் பெருமை அவரை விடவில்லை.

“போன வருஷம், எங்க ஊர்லயே. வாழ்க்கைக்குத் துணை பக்தியா, பகுத்தறிவான்னு தலைப்பு. நடுவர் எனக்குப் பக்தியைக் கொடுத்துட்டார். விடுவேனா? பிச்சு உதறிட்டேன். கூட்டமே கண்ணைத் துடைச்சுது. முன்வரிசையில தம்பி தேம்பித் தேம்பி அழுதான்.”

“தம்பி எப்பலேருந்து சாமி கும்பிடறாரு?”

“அது வந்து... போன வருஷம்...”

தணிகாசலம் சட்டென்று நிமிர்ந்தார்.

“அம்மா, அது வெறும் பேச்சு! நடுவர் கொடுத்த பக்கம்!”

“சரி. இப்பப் பேசறது யார் கொடுத்த பக்கம்?”

தணிகாசலத்துக்கு அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. எரிச்சலாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அம்மை மறுபடி மொச்சையை எடுத்துக்கொண்டார்.

போன் அடித்தது. கொத்தனார்.

“ஐயா, நாளைக்குக் காலையில வந்துடவா?”

“இருப்பா,” என்றார் தணிகாசலம். “ராகு காலம் எப்போன்னு தம்பியைக் கேட்டுட்டுச் சொல்றேன்.”