ஏற்றிவிட ஒரு கை

குளக்கரை மண்டபத்துச் சாமி, காவி கட்டுவதற்கு முன் நெல் சேமித்து வைக்கும் கிட்டங்கியில் மூட்டை சுமந்தவர். சுமைதூக்குவோர் சங்கத்தை ஆரம்பித்ததும் அவர்தான். இப்போதைய செயலாளர் தளவாய் அவருடைய சீடர். ஐம்பது வயதுச் சீடர்; கேள்வியோடு பதிலையும் கையிலேயே கொண்டுவருகிறவர்.

அன்று ஒரு மனுவோடு வந்தார். வெளி மாநிலத்து ஆட்களை வேலைக்கு விடக்கூடாது என்று கலெக்டருக்கு எழுதியது. முதலாளிகள் கிட்டங்கிக்கு ஒருவராகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள், பாதிக் கூலி கொடுக்கிறார்கள், இப்படியே போனால் நம் ஆட்கள் தெருவில்தான் நிற்க வேண்டும் என்றார். அதில் ஒன்றும் பொய்யில்லை. சாமியும் தலையாட்டினார்.

"உத்தரவு வர்ற வரைக்கும் என்ன செய்வீங்க?"

"அவங்க முதுகுல யாரும் மூட்டை ஏத்திவிடக் கூடாதுன்னு தீர்மானம் போட்டிருக்கோம்."

சொல்லிவிட்டுத் தளவாய் கொஞ்சம் தயங்கினார். நேற்று கோவர்தன் என்ற ஒடிசாக்காரர் தனியாகவே மூட்டையைத் தூக்கப் பார்த்து மூன்று முறை விழுந்தாராம். ஊரில் நான்கு பிள்ளைகளாம். எழுந்தபோது தளவாயைத்தான் பார்த்தாராம்.

"நாளைக்கும் வருவான் சாமி. முதுகு போயிரும். ராத்திரி சோறு இறங்கல. இது பாவமா?"

மண்டபத்து மூலையில் அன்னதானத்துக்கு வந்த அரிசி மூட்டை இருந்தது. சாமி அதைக் காட்டினார்.

"தனியா முதுகுல ஏத்து."

முப்பது வருடம் சுமந்த உடம்பு. மூட்டை இடுப்புவரை வந்து, சரிந்து, தரையில் விழுந்தது.

"தனியா ஆகாது. உங்களுக்குத் தெரியாததா?"

"உனக்கு முதல் மூட்டையை ஏத்திவிட்டது யாரு?"

"எங்கப்பா."

"அவருக்கு?"

தளவாய்க்குத் தெரியவில்லை. அப்பா பஞ்சத்தில் ராமநாதபுரம் பக்கமிருந்து நடந்தே வந்தவர். முதுகு வளைந்து, எப்போதும் தரையைப் பார்த்தே நடப்பார். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று சின்ன வயதில் தளவாய் நினைத்ததுண்டு.

"யாரும் ஏத்திவிடல," என்றார் சாமி. "பஞ்சத்துல வந்த கூட்டம் நம்ம கூலியைக் கெடுக்குதுன்னு அப்பவும் தீர்மானம் போட்டோம். எழுதினது நான். உங்கப்பா விழுந்தப்போ பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு நின்னதும் நான்."

தளவாய் கையிலிருந்த மனுவை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"அதனால கூலி குறையாம இருந்துச்சா சாமி?"

"குறையல," என்றார் சாமி. "உங்கப்பாதான் கடைசி வரைக்கும் நிமிரல."