வாய் திறக்கும் முட்டை

ஆவுடையப்பன் முப்பது வருஷம் சுண்ணாம்புக் காளவாசலில் நெருப்புக்குக் காவல் இருந்தவர். நெருப்பைப் பார்த்துக்கொள்ளப் பேச்சு வேண்டியதில்லை. அதனால், ஐம்பத்திரண்டு வயதில் ஆற்றங்கரை மடத்துக்குச் சீடராக வந்து சேர்ந்தபோது அவரிடம் உழைப்பு இருந்தது, பொறுமை இருந்தது. நாலு பேர் முன்னால் திறக்கிற வாய்தான் இல்லை.

மடத்தின் குரு வடிவம்மை. சீடரைவிட ஒன்பது வயது இளையவர்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆனிப் பௌர்ணமி அன்று ஊரார் வந்து கூடுவார்கள். புதுச் சீடர் எழுந்து நின்று மடத்தின் ஏழு வாசகங்களையும் உரக்கச் சொல்ல வேண்டும். ஒருமுறை தவறினால் மறு ஆண்டு சொல்லலாம். அப்போதும் தவறினால் மூட்டையைக் கட்டிக்கொண்டு தோணி ஏற வேண்டியதுதான்.

போன ஆனியில் ஆவுடையப்பன் எழுந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. “ப…” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

இந்த ஆனிப் பௌர்ணமிக்கு இன்னும் இருபத்தைந்து நாள்தான் இருந்தது. காளவாசல் எப்போதோ அவிந்துபோயிருந்தது. தோணி ஏறினால் எந்தக் கரையில் இறங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

குருவிடம் போய் நின்றார்.

“அம்மா, எனக்குப் பதிலாக வேறு யாராவது சொல்லலாமா?”

“உம்மிடம் கற்றுக்கொண்டவர் யாராவது இருந்தால் சொல்லலாம்.”

ஆவுடையப்பன் நாள் முழுக்க யோசித்தார். தன்னிடம் வந்து பாடம் கேட்க யார் இருக்கிறார்கள்? மறுநாள் சந்தைக்குப் போனவர் கிளிக்கூண்டுகளுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

ஆனால் கூண்டில் இருந்த கிளிகளெல்லாம் ஏற்கெனவே வேறு வீட்டில் படித்தவை. ஒன்று, “செருப்பை வெளியே விடு” என்றது. இன்னொன்று யாரோ ஒரு மருமகளைத் திட்டியது.

“படிக்காத கிளி இருக்கா?” என்று மெல்லக் கேட்டார்.

கூண்டுக்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். பஞ்சு வைத்த ஓலைக் கொட்டானை எடுத்தான். உள்ளே நாலு வெள்ளை முட்டைகள்.

“கிளிமுட்டை அண்ணாச்சி. இன்னிக்குக் காலையில இட்டது. பக்குவமா சூடு காட்டணும். சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கிட்டே இருக்கணும். ஓட்டுக்குள்ள இருந்தே கேட்டுக்கிடும். இருபத்துமூணாம் நாள் வாய் திறந்துடும். நான் ஜவாப்தாரி.”

ஆவுடையப்பன் தன் கம்பளியைக் கொடுத்து முட்டைகளை வாங்கிக்கொண்டார்.

மடத்தில் வடிவம்மை ஒரு முட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். திரும்பக் கொட்டானில் வைத்தார்.

“ஓட்டுக்குள் இருக்கும்போதே நாம் சொல்வது கேட்குமா, அம்மா?”

“அது எனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமென்றால் எப்படிச் சொல்வீர்?”

“உரக்க.”

“அப்படிச் சொல்லிப் பாரும்.”

மடைப்பள்ளிச் சுவருக்குப் பின்புறம் அடுப்பின் சூடு எப்போதும் இருக்கும். அங்கே ஒரு மரப்பெட்டியில் உமி பரப்பி முட்டைகளை வைத்தார் ஆவுடையப்பன். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். காற்று காய்ந்தால் ஓடு இறுகிவிடும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முட்டை ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் கரிக்கோடு போட்டார். கோடு மேலே, கோடு கீழே என்று நாளுக்கு ஐந்து முறை புரட்டினார். முட்டையை எடுத்து மூடிய இமையில் வைத்துப் பார்ப்பார். சுட்டால் பெட்டியைத் தள்ளி வைப்பார். குளிர்ந்தால் சுவரோடு நெருக்குவார். சூடு அவருக்குத் தெரிந்த பாஷை.

வாசகம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. முதல் நாள் பெட்டிக்குள் குனிந்து கிசுகிசுத்தார்.

“பசித்தவரிடம் பேசாதே, பரிமாறு.”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சமையல்காரர் பலவேசத்தின் குரல் வந்தது. “என்ன வே, அங்க எலி கிலி கத்துதா?”

ஆவுடையப்பன் வெளியே ஓடிவிட்டார். ஆனால் முட்டையைப் புரட்டும் நேரம் வந்துவிட்டதே! திரும்பி வந்தார். இந்த முறை கொஞ்சம் உரக்கச் சொன்னார். முட்டைக்குக் கேட்க வேண்டும் அல்லவா?

நாளாக ஆகக் குரல் ஏறியது. கிணற்றில் தண்ணீர் இறைப்பவர்களுக்குக் கேட்டது. ஏழாம் நாள் கதவு ஓட்டையில் வந்த வெயிலில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தார். இரண்டு வெறுமையாக இருந்தன. இரண்டில் சிவப்பு நூல்போல நரம்பு ஓடியிருந்தது. அன்று மகிழ்ச்சி தாங்காமல் ஏழு வாசகத்தையும் ஆற்றங்கரை வரை கேட்கும்படி சொன்னார்.

“நாலாவதை முழுங்கிட்டீரு வே!” என்று சுவர் சொன்னது.

“எது?”

“‘தெரியாததைத் தெரியாது என்று சொல்.’ அதை விட்டுட்டீரு. பாவம், கிளி மக்காப் போயிடும்.”

ஆவுடையப்பன் முதலிலிருந்து சொன்னார். அன்று முதல் அவர் எதையாவது விட்டால் சுவர் எடுத்துக்கொடுத்தது. சில நாள் கிணற்றடியும் எடுத்துக்கொடுத்தது. காய் நறுக்க வருகிறவர்கள் அவர் குரலை வைத்துப் பொழுது பார்த்தார்கள். “மூணாம் தரம் சொல்லியாச்சு. உலை வைக்கலாம்.”

பதினெட்டாம் நாள் காலை ஒரு முட்டையில் சின்னக் கீறல் தெரிந்தது. உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம்.

இருபத்துமூன்று என்றல்லவா சொன்னான்? ஐந்து நாள் முன்னதாகவா? ‘படிப்பை முடித்துவிட்டது போலிருக்கிறது’ என்று ஆவுடையப்பன் பூரித்துப்போனார்.

உச்சிப்பொழுதுக்குக் குஞ்சு வெளியே வந்தது. மஞ்சள் மயிர் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிய, கண் திறக்காத சின்னஞ்சிறு உயிர். நீண்ட மழுங்கல் மூக்கு.

பலவேசம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். வாயைப் பொத்திக்கொண்டார்.

“என்ன வே?”

“வே… இது புறா.”

“கிளி!”

“கிளிக்கு மூக்கு வளைஞ்சிருக்கும் வே. இது நம்ம களஞ்சியத்துக் கூரையில குமுறுதே, அந்தச் சாதி. உம்ம கிளி ஆயுசுக்கும் ‘க்கும் க்கும்’னுதான் வாசகம் சொல்லும்.”

ஆவுடையப்பன் குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே முற்றத்துக்குப் போனார். பௌர்ணமிக்குப் பந்தல் போட ஊரார் ஐம்பது அறுபது பேர் வந்திருந்தார்கள். மூங்கிலுக்குக் குழி தோண்டுகிறவர்கள், ஓலை முடைகிறவர்கள், அவர்களுக்கு மோர் கொண்டுவந்தவர்கள். நடுவில் வடிவம்மை நின்றிருந்தார். ஆவுடையப்பன் கண்ணுக்குக் குரு மட்டுமே தெரிந்தார்.

“அம்மா, நான் ஏமாந்துவிட்டேன்! இது புறா!”

“ஆமாம், புறாதான்.”

“உங்களுக்கு முன்பே தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லவில்லை?”

“என்ன முட்டை என்று நீர் கேட்கவில்லையே. ஓட்டுக்குள் கேட்குமா என்றுதான் கேட்டீர்.”

“பதினெட்டு நாள், அம்மா! வேளைக்கு வேளை புரட்டினேன். இமையில் வைத்துச் சூடு பார்த்தேன். தொண்டை கிழியக் கற்றுக்கொடுத்தேன்!”

“என்ன கற்றுக்கொடுத்தீர்?”

“என்னவா? ஏழு வாசகமும்தான்! பசித்தவரிடம் பேசாதே, பரிமாறு! தட்டுகிறவரிடம் பேர் கேட்குமுன் தண்ணீர் கொடு!”

“அப்புறம்?”

அவர் ஆத்திரத்தோடு மூன்றாவதைச் சொன்னார். நாலாவதை முழுங்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று முடித்தபோது அவர் குரல் ஆற்றின் அக்கரையில் முட்டித் திரும்பி வந்தது. மண்வெட்டிகள் நின்றுபோயின. ஓலை முடைந்த கைகள் அப்படியே இருந்தன. மோர்ப்பானையை இறக்க வந்த அம்மாள் இறக்காமல் நின்றாள்.

பலவேசம் மெல்ல வந்து அவர் கையிலிருந்து குஞ்சை வாங்கிக்கொண்டார். களஞ்சியத்துக் கூரையில் ஒரு புறா முந்தாநாள்தான் குஞ்சு பொரித்திருந்தது. அதோடு சேர்த்துவிட்டால் இதுவும் பிழைத்துக்கொள்ளும். “இன்னொண்ணும் உள்ள தட்டுது வே,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவுடையப்பனுக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

“ஜவாப்தாரி என்றானே அம்மா அந்தக் கூண்டுக்காரன்! இருபத்துமூன்றாம் நாள் வாய் திறந்துவிடும் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னானே!”

வடிவம்மை சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு சீடரைப் பார்த்தார்.

“யார் வாய் என்று சொன்னானா?”