பானை பிடிக்க ஓர் ஆள்

மடத்தில் சமையல் பார்த்துவந்த சீடன் மாசிலாமணி ஒருநாள் காலையில் குருவின் முன்னால் வந்து நின்றான். கும்பிடவில்லை.

"சாமி, ஒரு வழி சொல்லுங்க. என் மக என்கூடப் பேச மாட்டேங்கிறா."

சொந்த ஊரில் மனைவி இறந்த பிறகு, பதினொரு வயது மகள் அஞ்சலையை அவன் மடத்துக்கே அழைத்துவந்திருந்தான். வந்ததிலிருந்து அவள் அவனிடம் வாய் திறக்கவில்லை. மறுநாள் அவளுடைய சித்தி வருவதாக இருந்தது. இங்கேயே இருப்பதா, சித்தியோடு போய்விடுவதா என்பதை அஞ்சலையே சொல்லட்டும் என்று பேச்சு.

"என்ன செஞ்சு பார்த்தே?" என்றார் குரு.

"என்ன செய்யலை? அதிரசம் சுட்டேன். பால்பணியாரம் ஊத்தினேன். ஊரே என் கைப்பக்குவத்துக்கு வரிசையில நிக்குது. இவ தட்டைத் தள்ளி வைக்கிறா. ஆத்திரமா வருது."

"செஞ்சு குடுத்தே. கூடச் சேர்ந்து செஞ்சியா?"

"அவளுக்கு என்ன தெரியும்?"

"இன்னைக்கு நம்ம எல்லாருக்கும் களி. அவ கிண்டட்டும். நீ பானையைப் புடி."

"கட்டி தட்டிடும் சாமி."

"தட்டட்டும்."

கேழ்வரகு மாவு இறுகும்போது, கிண்டுகிற மரத் துடுப்போடு சேர்ந்து பானையும் சுற்றும். கிண்ட ஒருவர் வேண்டும், பானையை அழுத்திப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். மாசிலாமணி கரித்துணியால் பானையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தான். அஞ்சலை எதிரே நின்று, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்டினாள்.

"மெதுவா, மெதுவா. இப்படியா கிண்டுவாங்க? ஓரத்துல அடிப்பிடிக்குது பாரு. துடுப்பை இங்க குடு."

அவள் கொடுக்கவில்லை. இன்னும் வேகமாகக் கிண்டினாள். பானை ஒரு பக்கம் திரும்பியது.

"ஒழுங்காப் புடி" என்றாள்.

இத்தனை நாளில் அவள் அவனிடம் பேசியது அதுதான். அவன் பானையை இறுக்கிப் பிடித்தான்.

"புடிச்சிருக்கேன் தாயி."

"தாயின்னு கூப்பிடாதே."

துடுப்பை நிறுத்தாமலே அவள் பேசினாள்.

"கடைசி நாள் அம்மாவுக்கு நான்தான் கஞ்சி வெச்சேன். தெரியுமா உனக்கு? கையெல்லாம் சுட்டுக்கிட்டேன். அம்மா குடிக்கவே இல்ல. அப்பா வர்றாரா பாரு, அப்பா வர்றாரா பாருன்னு வாசலையே பார்த்துக்கிட்டுக் கிடந்துச்சு."

"அன்னைக்குக் குருபூசை. பந்தியில அவ்வளவு சனம். விட்டுட்டு எப்படி வர்றது?"

"எங்களை மட்டும் விடலாமா?"

துடுப்பு பானையில் மோதியது. களி தெறித்து அவன் மணிக்கட்டில் ஒட்டியது.

"ஏய்! வேணும்னே செய்யறியா?"

"சுடுதா? போயேன். எந்திரிச்சுப் போயேன். அதுதான் உனக்கு நல்லா வருமே."

மாசிலாமணி கரித்துணியை வீசியெறிந்துவிட்டு எழுந்தான்.

குரு கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"நல்ல வழி சொன்னீங்க சாமி! வாயைத் திறந்தா திட்டத்தான் திறக்கிறா. பெத்தவனைப் பார்த்துப் போங்கிறா."

"பேசிட்டாளா?"

"அதுக்குப் பேரு பேச்சா? உங்க குருநாதர் பூசைக்குத்தானே அன்னைக்கு நான் இங்க கிடந்தேன்? அதை நீங்களே வந்து அவகிட்டச் சொல்லுங்க."

குரு செம்பைக் கல்லின் மேல் வைத்தார். வைத்த வேகத்தில் தண்ணீர் சிதறியது.

"அன்னைக்கு உன்னைப் போகச் சொன்னேன். நீதான், 'வடை வேகட்டும் சாமி, போறேன்'னு சொன்னே."

மாசிலாமணி பல்லைக் கடித்தான்.

"சரி. தப்புத்தான். அவ கேக்கறதுக்கு நான் என்ன பதில் சொல்றது? அதையாவது சொல்லித் தொலைங்க."

அடுக்களையில் துடுப்பு நிற்கவில்லை. அடுப்புக் கல்லில் பானை உரசி ஆடுகிற சத்தமும் கூடவே வந்தது.

"இப்ப பானையை யார்டா புடிச்சிருக்கா?" என்றார் குரு.