எந்த மலை?

குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல். அதனாலென்ன? சடையப்ப சாமிக்கு முன்னால் எங்கள் தெருத் தில்லைவனம் அண்ணாச்சி சின்னப்பிள்ளை மாதிரித்தான் உட்காருவார்.

அண்ணாச்சியின் மனைவி செண்பகவல்லி இறந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. தலைமாட்டில் ஏற்றிய விளக்கை மட்டும் அண்ணாச்சி விடவில்லை. எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தார். சோறு இல்லை, தூக்கம் இல்லை. விளக்கு நின்றால் அவளும் போய்விடுவாள் என்று ஒரே பயம். மகள் அழுது பார்த்தாள். அசைகிற ஆளா? கடைசியில் சாமியை வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். நானும் கூடப் போனேன்.

"விளக்கு அணைஞ்சுதுன்னு நாம சொல்றதில்ல. மலையேறிட்டுன்னுதான் சொல்லுதோம்," என்றார் அண்ணாச்சி. "எந்த மலை சாமி? அங்க என்ன இருக்கு? அதைச் சொல்லுங்க, விட்டுருதேன்."

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன சாமியார் நான் பார்த்தவரை இவர் ஒருத்தர்தான். கும்பிடலாம்.

"ஆனா அந்த வார்த்தையை முதல்ல சொன்னவன் வாய்க்குச் சர்க்கரை போடணும்," என்றார் சாமி. "அணைஞ்சுட்டுன்னு சொல்ல மனசு வராம, வழியனுப்பி வச்சிருக்கான் பாருங்க."

"இந்தச் சமாதானமெல்லாம் எனக்கு வேண்டாம் சாமி."

சாமி எழுந்தார். துக்க வீடு, சொல்லிக்கொள்ளாமல் நடந்தார். நிலைப்படிக்கு வந்ததும் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றுவிட்டார். போகவும் இல்லை, திரும்பவும் இல்லை.

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன சாமி இது! வாசப்படியில நிக்கலாமா? ஒண்ணு உள்ள வாங்க, இல்லன்னா புறப்படுங்க."

"என்னைப் போகச் சொல்லுதீங்களா?"

"மனசு கேக்கத்தான் மாட்டேங்கு. அதுக்காக உங்களை இப்படி அந்தரத்துல நிக்க வைக்கலாமா? பாவம்லா?"

சாமி அவரைப் பிரியமாகப் பார்த்தார்.

"எனக்குப் பாவம் பாக்கீங்க. மதினியை மட்டும் ஏன் அண்ணாச்சி இத்தனை நாளா வாசப்படியில நிறுத்தி வச்சிருக்கீங்க?"