நாலாவது விண்ணப்பம்

"இந்தக் கட்டத்துல என்ன போடட்டும், மேடம்?" என்று கேட்டார் ஆறுமுகநயினார்.

சட்டக் கல்லூரி விண்ணப்பத்தின் ஒன்பதாவது கட்டம் அது. 'இதற்கு முன் விண்ணப்பித்ததுண்டா? எத்தனை முறை?'

"எத்தனை தடவை போட்டீங்க?" என்றாள் ஷமீமா.

"மூணு."

"அப்ப மூணுன்னு போடுங்க."

"போட்டா, மூணு தடவை வெரட்டி விட்ட ஆளுன்னு பாத்த உடனே தூக்கி எறிஞ்சிருவான்."

"அப்ப போடாதீங்க."

"போடலைன்னா பொய்யாயிரும்லா."

ஷமீமா கையிலிருந்த வழக்குப் பிராதின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

அந்த முன்சீப் கோர்ட்டில் தாக்கலாகும் தாள்களையெல்லாம் சரிபார்க்கிறவள் அவள்தான். வயது முப்பத்திரண்டு. ஒரு கையெழுத்து குறைந்தாலும் பின்பக்கத்தில் குறையை எழுதித் திருப்பிவிடுவாள். குறை இல்லாத பிராதுக்குத்தான் வழக்கு நம்பர் விழும். எந்தக் கொம்பன் வக்கீலின் ஜம்பமும் அவள் உட்கார்ந்திருக்கும் தாக்கல் ஜன்னலில் சாயாது. முதுகுக்குப் பின்னால் திட்டிவிட்டு, முகத்துக்கு நேரே வந்து அவளிடமே சந்தேகம் கேட்டுப் போவார்கள்.

நயினாருக்கு அவளைவிடப் பன்னிரண்டு வயது கூடுதல். இருபத்து மூன்று வருடமாக வக்கீல் குமாஸ்தா. தபாலில் பி.ஏ. முடித்தவர். மூன்று வருடமாக ஒரே கல்லூரிக்கு விண்ணப்பித்து, மூன்று வருடமும் திரும்பி வந்தது. இதுதான் கடைசி என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. இன்றைக்குத் தபாலில் சேர்க்காவிட்டால் அதுவும் இல்லை.

மனிதர் சலித்துப் போயிருந்தார். மத்தியானச் சாப்பாட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மேடம். எத்தனை தடவை போட்ட பொறவு ஒரு மனுசன் நிறுத்திக்கிடலாம்?"

ஷமீமா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

"உள்ள தள்ளுங்க, பாப்போம்."

விண்ணப்பத்தைத் தள்ளினார். பிராது படிப்பது போலவே படித்தாள். வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். 'நான் ஏன் சட்டம் படிக்க விரும்புகிறேன்' என்ற பக்கத்தில் ஸ்கேல் நின்றது.

"உங்க வாப்பா... அப்பா வக்கீலா, அண்ணாச்சி?"

"இல்லையே."

"'கறுப்புக் கோட்டு அணிந்த என் தந்தையின் நிழலில் வளர்ந்த நான்'னு இருக்கே."

நயினாருக்கு முகம் சுண்டிப் போயிற்று.

"அது எங்க சீனியர் வக்கீல் மவனுக்கு நான் எழுதிக் குடுத்தது. அவருக்கு முதல் தடவையே கெடச்சிட்டு. அதையே மாடலா வச்சி, பேரையும் தேதியையும் மட்டும் மாத்தினேன். அந்த வரி கேக்க நல்லா இருந்துச்சி. விட்டுட்டேன்."

குமாஸ்தாக்கள் எல்லாருமே அப்படித்தான். ஜெயித்த வழக்கின் பிராதை முன்னால் வைத்துக்கொண்டு, பேர், ஊர், நிலத்தின் நான்கெல்லை ஆகியவற்றை மாற்றினால் அடுத்த பிராது தயார். அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டதே அந்த வித்தைதான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தார். இன்றைக்கு வெட்கமாக இருந்தது.

"மூணு தடவையும் இதேதானா?"

"இதேதான்."

"அவங்க திருப்பி அனுப்பும்போது என்ன எழுதியிருந்தாங்க?"

"வருந்துகிறோம்னு."

"அதுக்குக் கீழ?"

"யாரு பாத்தா? மொதல் வரியிலேயே தெரிஞ்சிட்டே. மூணையும் கட்டி வச்சிட்டேன்."

"எங்க?"

பையிலிருந்து எடுத்தார். மூன்று உறைகள். கோர்ட் கட்டுகளுக்குக் கட்டுவது போல நாடா போட்டு இறுக்கியிருந்தது.

"அவிழுங்க."

அவர் போட்ட முடிச்சுதான். ஆனாலும் லேசில் அவிழவில்லை. நகத்தால் நெம்பி, கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தார்.

முதல் கடிதத்தில் 'வருந்துகிறோம்' என்பதற்குக் கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: 'மதிப்பெண் போதும். நீங்கள் ஏன் வருகிறீர்கள் என்று தெரியவில்லை. அடுத்த ஆண்டு அதை எழுதி அனுப்பவும்.'

இரண்டாவதில்: 'சென்ற ஆண்டு சொன்னதைப் பார்க்கவும்.'

மூன்றாவதில் இரண்டே சொல். 'மீண்டும் அதே.'

நயினார் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படி ஒரு பிராது வந்தா இங்க என்னன்னு எழுதித் திருப்புவோம், அண்ணாச்சி?" என்றாள் ஷமீமா.

அதற்கு யோசிக்க வேண்டியதே இல்லை. ஒவ்வொரு பிராதிலும் ஒரு பத்தி உண்டு. எந்தத் தேதியில், எந்த இடத்தில், என்ன நடந்ததால் இந்த ஆள் கோர்ட்டுப் படியேறினான் என்று சொல்லும் பத்தி. ஊரார் எத்தனையோ பேருக்கு அவர் அதை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"வழக்குமூலம் இல்லைன்னு எழுதுவோம்."

"ம்."

"வழக்குமூலத் தேதி குறிப்பிடப்படவில்லை. திருப்பப்படுகிறது."

சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. இந்த வாசகத்தை அவர் முதன்முதலில் படித்தது வேறொரு தாளில்.

"எங்கப்பா வக்கீல் இல்ல, மேடம்" என்றார். "இந்த ஜன்னலுக்கு வெளியில நின்னவரு. கெணத்துக்குப் போற பாதையைப் பக்கத்து வயக்காரன் வேலி போட்டு அடச்சிட்டான். அப்பா பிராது போட்டாரு. திங்கக்கிழமை தோறும் வருவாரு. 'நம்பர் ஆயிட்டா, நம்பர் ஆயிட்டா'ன்னு கேப்பாரு. மூணு வருசம் கேட்டாரு."

"ஆகலையா?"

"கோர்ட்டு அதைப் பத்தாம் நாளே திருப்பிட்டு. ஒரு தேதி விட்டுப் போச்சுன்னு. அன்னைக்கி இருந்த குமாஸ்தா அதைப் படிக்காமலே கட்டுல சொருகி வச்சிட்டான். திரும்பி வந்துட்டுன்னு அப்பாகிட்ட யாரும் சொல்லலை. அவரு செத்த மறு வருசம் நான் அதே வக்கீல்கிட்ட வேலைக்குச் சேந்து, அலமாரியைத் தொடைக்கும்போது கெடச்சிது. நாடா போட்டு..."

நிறுத்திவிட்டார். கையில் இருந்த நாடாவைப் பார்த்தார். அவிழ்த்துப் போட்ட மூன்று உறைகளையும் பார்த்தார்.

வராந்தாவில் யாரோ ஒரு கட்சிக்காரரின் பேரைக் கூவிக்கொண்டு போனார்கள். ஷமீமா வெள்ளைத்தாள் இரண்டை ஜன்னல் வழியாக வெளியே தள்ளினாள். பிறகு தன் பிராதை எடுத்து விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

நயினார் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். முன்னால் மாடல் எதுவும் இல்லாமல் எழுதுவது புது அனுபவமாக இருந்தது. முதல் வரியையே நாலு தடவை அடித்தார். 'மாண்புமிகு' என்று ஆரம்பித்ததை அடித்தார். 'நீதிதேவதையின்' என்று வந்ததையும் அடித்தார். கடைசியில் ஒரு தேதி போட்டார். அடுத்து இடத்தைப் போட்டார்: இதே வராந்தா. அதற்கப்புறம் பேனா நிற்கவில்லை.

ஒன்பதாவது கட்டத்தில் 'மூன்று' என்று எழுதினார். யாரையும் கேட்கவில்லை.

முடித்துவிட்டுத் தாளைத் திருப்பியவர், கோர்ட்டுக் கைப்பழக்கத்தில் பின்பக்கம் எழுதிவிட்டார்: 'குறை நிவர்த்தி செய்து மறுபடியும் தாக்கல் செய்யப்படுகிறது.'

"ஐயய்யோ" என்று அடிக்கப் போனார்.

"இருக்கட்டும்" என்றாள் ஷமீமா. "குடுங்க."

ஸ்கேலை வைத்துப் படித்தாள். ஒரு இடத்திலும் ஸ்கேல் நிற்கவில்லை. உறையில் போட்டு ஒட்டி, வெளியே தள்ளினாள்.

"தபாலாபீஸ் மூணு மணிக்கு மூடிருவான். ஓடுங்க."

நயினார் இரண்டு அடி போனார். திரும்பி வந்தார். அதே ஜன்னல். அதே கட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நம்பர் ஆயிருமா, மேடம்?"

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று அவர் காதிலேயே விழுந்தது.

ஷமீமா தலையை நிமிர்த்தினாள்.

"தெரியாது, அண்ணாச்சி. திரும்பி வந்தா கட்டி வைக்காதீங்க. எங்கிட்ட கொண்டாங்க."