குலம் தூக்காத கை

தீர்ப்புச் சொல்லப் போவது நீங்கள்தான். ஆகவே அவசரப்பட்டுக் கையைத் தூக்கிவிடாமல் முழுக் கதையையும் கேளுங்கள்.

சுவிஸில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்று. ஊர்க் காரியம் எதுவானாலும் அங்கே குடியுரிமை உள்ளவர்கள் மண்டபத்தில் கூடி, கை தூக்கித்தான் முடிவெடுப்பார்கள். எண்பதுகளில், பூட்டிக் கிடந்த பழைய விடுதி ஒன்றைத் திறந்து, யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த இளைஞர் சிலரை அதில் குடியேற்றினார்கள். குலமும் நேசனும் அவர்களில் இருவர். ஊருக்கு இவர்களைக் கண்ணில் காட்டக் கூடாது. பஸ்ஸில் இவர்களுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே போகும்.

அப்படியிருந்தும் குலத்தின் மனம் இன்றைக்கும் ஏங்குவது அந்த விடுதிக் காலத்துக்குத்தான். அத்தனை பேருக்குமாக உருப்படியான குளிர் ஜாக்கெட் ஒன்றே ஒன்று. வெளியே போகிறவர் அதைப் போட்டுக்கொண்டு போவார். மற்றவர்கள் உள்ளங்கைகளைத் தொடைக்கடியில் வைத்துச் சூடேற்றியபடி, அவர் திரும்பும்வரை அவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரே சட்டியில் கறி. ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தால் எல்லோருமாகச் சேர்ந்து அழுவார்கள். அந்த நாள் இனி வராது.

அப்படி ஒரு பனிக்காலத்தில் விடுதி வாசற்படியில், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக் குந்தியிருந்த குலத்தை, அந்த ஊரில் மாடு வளர்க்கும் அலோய்ஸ் கண்டார். மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் மாட்டுக் கொட்டிலில் இரண்டு பசுக்களுக்கு நடுவில் நிறுத்தினார். அங்கே அடுப்படிபோல வெக்கையாக இருந்தது. குலத்தின் முதல் வேலையும் அந்தக் கொட்டிலில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் குலம் சமைக்கும் கறியை அலோய்ஸ் மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டு, மறுபடியும் தட்டை நீட்டுவார்.

ஆண்டுகள் கழிந்து குலத்தின் குடியுரிமை விண்ணப்பம் மண்டபத்துக்கு வந்தது. விண்ணப்பித்தவர் வெளியே காத்திருப்பதுதான் வழக்கம். உள்ளே ஊரார் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். அலோய்ஸ் எழுந்து ஒரு வாக்குக் கொடுத்தார்: இவனை ஏற்றுக்கொள்ளுங்கள், இவனுக்குப் பிறகு, இன்னொரு அகதிக்காக இந்த மண்டபத்தில் என் கையும் எழாது, இவன் கையும் எழாது. கைகள் உயர்ந்தன. அலோய்ஸ் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும், குலமும் கண்கலங்கி அதே வாக்கைக் கொடுத்தார். அன்று எதைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்.

போன இலையுதிர் காலத்தில் அந்த வாக்குக்குச் சோதனை வந்தது. வேறொரு நாட்டுப் போரிலிருந்து ஓடிவந்தவர்களுக்கு அதே விடுதியைத் திறப்பதா வேண்டாமா என்று கூட்டம். கடைசி வரிசையில், குலத்துக்கு முன்பே குடியுரிமை பெற்றிருந்த நேசன், குலம், தொண்ணூறைத் தொட்ட அலோய்ஸ் மூவரும் இருந்தார்கள். நேசன் குலத்தின் காதில் சொன்னார்:

"இப்ப வாறவங்கள் எங்களைப் போல இல்லை, மச்சான். எங்கட பேரும் சேர்ந்து கெட்டுப்போகும்."

"எங்களையும் இப்பிடித்தான் சொன்னவங்கள்," என்றார் குலம்.

ஆனாலும் வாக்கு வாக்குத்தான். நெஞ்சு கொதிக்கக் கொதிக்க, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு இருந்தார். அலோய்ஸ் அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தார்.

ஆதரவானவர்கள் கை தூக்கலாம் என்றதும் அலோய்ஸின் கை மெல்ல உயர்ந்தது.

எண்ணுகிறவர் முன்வரிசையிலிருந்து நிதானமாக வந்தார். அவர் வரும்போது இறங்கியிருக்கும் கை கணக்கில் சேராது. கிழவரின் கை நடுங்கிச் சரியத் தொடங்கியது. குலம் ஒரு கையை வெளியே எடுத்து, அந்த முழங்கையை எண்ணி முடியும்வரை தாங்கிப் பிடித்தார். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் விடுதி திறப்பதென்று முடிவாயிற்று.

வெளியே வந்ததும் நேசன் பொரிந்தார். "வாக்கைக் காப்பாத்திறன் எண்டு நடிச்சுப்போட்டு, நீதான் அந்தக் கையைத் தூக்கினனி." குலம் அலோய்ஸின் ஜாக்கெட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

அலோய்ஸ் வாக்குத் தவறினார், அதில் சந்தேகமில்லை. குலமும் தவறினாரா? சொல்லுங்கள்.

விடை: தவறவில்லை. அலோய்ஸ் கொடுத்த வாக்கை அலோய்ஸேதான் உடைத்தார். அவர் கை உயர்ந்த பிறகே குலத்தின் கை வெளியே வந்தது. அப்போதும் அது தன் ஓட்டைப் போடவில்லை, ஒரு கிழவரின் கை விழாமல் பார்த்துக்கொண்டது. அன்று குலத்தின் மணிக்கட்டைப் பிடித்துக் கொட்டிலுக்குக் கூட்டிப்போனதும் அந்தக் கைதான். அதை விழ விட்டிருந்தால், அப்போது, 'எங்கட பேரும் சேர்ந்து கெட்டுப்போகும்' என்று நேசன் சொன்னது சரியாகியிருக்கும்.