கொற்றன் மறுத்த மன்னிப்பு

முடிச்சைப் போடுவதோடு கதை சொல்பவன் வேலை முடிந்தது. அவிழ்ப்பது கேட்பவர் பாடு.

பொருநை ஆற்றங்கரையில் செங்குளம் என்றோர் ஊர். அங்கே உலகநங்கை என்னும் கைம்பெண்ணுக்கு அம்பலவன் ஒரே மகன். ஆற்றுத்துறையில் யாரோ அவனைக் கத்தியால் குத்திப் போட்டுவிட்டார்கள். ஊரார் ஓடிப்போய்ப் பார்த்தபோது, மாடு மேய்க்கும் கொற்றன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உடுத்த துணியெல்லாம் இரத்தம். நான் குத்தவில்லை என்று அவன் கதறியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. பெற்றவள் விரலை நீட்டி, "இவன்தான்" என்றாள். ஆயுள் முழுதும் காலில் விலங்கோடு கல்லுடைக்கும்படி அரசன் அவனைக் கல்மலைக்கு அனுப்பினான்.

அதன்பின் உலகநங்கை உண்ணாத நாள் உண்டு. கொற்றனைச் சபிக்காத நாள் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து அவ்வூருக்கு ஒரு துறவி வந்தார். பாழடைந்து கிடந்த சிவன் கோயிலைத் துப்புரவாக்கி விளக்கேற்றினார். ஊரில் வைசூரி கண்டபோது, பெற்ற பிள்ளைகளே தொட அஞ்சிய உடல்களை அவர் தொட்டுத் துடைத்தார். உலகநங்கையும் அவர் கையால் பிழைத்தவள்தான். வாயால் சாமி என்று அழைத்தாலும், மனத்துக்குள் அவரை மகன் இருந்த இடத்தில் வைத்திருந்தாள்.

மகனின் திதியன்று கோயிலுக்குப் போனவள் அவரிடம் ஒன்று கேட்டாள்.

"சாமி, உங்கள் வாக்கு பலிக்கும். அந்தக் கொற்றன் கல்மலையிலேயே சாகட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

துறவி அவள் காலடியில் உட்கார்ந்தார்.

"தாயே, துறையில் வந்த வாய்ச்சண்டையில் உங்கள் மகனைக் குத்தியவன் நான். குத்திவிட்டுப் புதருக்குள் ஒளிந்திருந்தேன். கொற்றன் ஓடிவந்து அவன் வாயில் தண்ணீர் விட்டதைப் பார்த்தேன். அவனைக் கட்டி இழுத்துப் போனதையும் பார்த்தேன்."

வழக்கு அரசவைக்குப் போயிற்று. கொற்றனை அழைத்து வந்தார்கள். தலை நரைத்திருந்தது; கல்சில்லு தெறித்து ஒரு கண் போயிருந்தது. அவையிலிருந்த சைவப் பெரியவர் ஒருவர் எழுந்து துறவியைக் காட்டி, தவத்தில் இவர் பாவம் வெந்து போயிற்று, சிவன் ஏற்றுக்கொண்டவரை நாம் தண்டிப்பதா என்று கேட்டார். சமண முனிவர் ஒருவரோ, செய்த வினை செய்தவனைத் தானே தேடி வரும், அதற்காக நாம் ஏன் புதுவினை தேடிக்கொள்ள வேண்டும் என்றார். வழி வேறானாலும் இருவரும் விட்டுவிடவே சொன்னார்கள். அரசன் பெற்றவளைக் கேட்டான்.

உலகநங்கை துறவியின் கைகளையே பார்த்தாள். மகனைக் கொன்ற கை. வைசூரியில் கிடந்த தனக்குக் கஞ்சி புகட்டியதும் அதே கை. "மன்னித்தேன்" என்றாள். அந்தச் சொல்லில் பொய் இல்லை.

பிறகு கொற்றனிடம் போய் அவன் காலில் விழப் போனாள். அவன் விழவிடாமல் தாங்கிக்கொண்டான்.

"உங்களுக்குத் தெரியாதம்மா. பிள்ளையைப் பறிகொடுத்த கண்ணுக்கு என்ன தெரியும்? உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை." அரசன் பக்கம் திரும்பினான். "அவருக்குத் தெரியும். அவர் விளக்கேற்றிய நாளெல்லாம் நான் விலங்கில் கிடந்தேன். நான் மன்னிக்கவில்லை. அவர் கல்மலைக்குப் போகட்டும்."

சபை முணுமுணுத்தது. கல்லோடு கிடந்து இவன் நெஞ்சும் கல்லாயிற்று என்றார்கள். நீயும் மன்னித்துவிடப்பா என்று உலகநங்கை கெஞ்சினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, முடியவில்லையம்மா என்றான்.

பெற்றவளே மன்னித்த பிறகு கொற்றன் மறுத்தது சரியா? அரசன் துறவியை விடுவதா, கல்மலைக்கு அனுப்புவதா?

விடை: கொற்றன் மறுத்தது சரியே. மகனைக் கொன்ற குற்றத்தை மன்னிக்க உலகநங்கைக்கு உரிமை உண்டு, அவள் மன்னித்தாள். ஒரு நிரபராதியின் இளமையைத் தெரிந்தே விலங்கில் விட்டது வேறு குற்றம். அதை மன்னிக்க அவளாலும் ஆகாது, அரசனாலும் ஆகாது; கொற்றனால் மட்டுமே ஆகும். அரசன் துறவியைக் கல்மலைக்கே அனுப்பினான். அவரும் மறுபேச்சின்றிப் போனார். உலகநங்கையும் தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை. அமாவாசைதோறும் கஞ்சிக் கலயத்தோடு மலையேறி அவருக்கு ஊற்றிவிட்டு வந்தாள். மலையடிவாரத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த கொற்றன் அவளைத் தடுத்ததில்லை. கூடப் போனதும் இல்லை.